குளக்கரையில் இரண்டு மஞ்சள் சட்டைகள்

திருப்பூரில் வந்து இறங்கிய காலையில் எனக்குக் கிடைத்த முதல் அதிர்ச்சி, என் மூன்று வயது மகளுக்குக் கிடைத்த மரியாதை.

மண்ணரையில் என் கணவர் பிடித்திருந்த வீட்டின் உரிமையாளர் அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்க கண்ணு, வாங்க. சாப்புட்டீங்களா? பேரு என்னங்க?" என்றார். என்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "ஜெனி. இன்னும் சாப்பிடலை" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "உங்களையும் கேக்கோணுமுங்க. முதல்ல சின்ன அம்மிணி சொல்லட்டும்."

சின்ன அம்மிணி என் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எங்கள் திசையன்விளையில் இந்த வயதுப் பிள்ளையை "ஏட்டி, இங்க வா" என்றுதான் கூப்பிடுவோம். பாசம் கூடினால் சத்தமும் கூடும். வாங்க, போங்க எல்லாம் பாதிரியாருக்கும் பள்ளிக்கூட ஆய்வாளருக்கும்தான்.

என் கணவர் செல்வின் இரண்டு வருடமாக இங்கே ஒரு பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். நண்பர்களோடு அறையில் இருந்தவர், இந்த விடுமுறைக்கு என்னையும் ரோசியையும் வரச் சொன்னார். இருந்து பாருங்கள், பிடித்தால் இங்கேயே குடிவந்துவிடலாம் என்றார். நான் சரி என்று சொல்லிவிட்டு, ரயில் ஏறியதிலிருந்து சரிதானா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பி.எட். படித்தவள், குழந்தை வளர்ப்பைப் பற்றி ஒரு பரீட்சையே எழுதியிருக்கிறேன். அதனால் பயம் ஒன்றும் குறையவில்லை, காரணங்கள்தான் கூடின. அங்கே ஆற்றில் தண்ணீருக்குப் பதில் சாயம்தான் ஓடுகிறது என்று ஊரில் ஆளாளுக்குச் சொல்லியிருந்தார்கள். என் மாமியார் ஒரே ஒரு விஷயம் சொன்னார். "பிள்ளைய தண்ணி பக்கம் விட்டுராத."

ரோசிக்கு அப்போதுதான் வேளாங்கண்ணியில் மொட்டை போட்டு வந்திருந்தோம். வெயில் தலையில் படக் கூடாதே என்று நான் கவலைப்பட, செல்வின் கம்பெனியிலிருந்து தலையை மூடும் தொப்பி வைத்த பனியன் சட்டை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். சாலை போடுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் மேலங்கியைப் போலக் கண்ணைக் கூசும் மஞ்சள். முதுகில் நீலத் திமிங்கிலம். "எந்தக் கூட்டத்துல நின்னாலும் பளிச்சுன்னு தெரியும். தொலைய மாட்டா" என்றார். எனக்கும் அந்த யோசனை பிடித்திருந்தது.

இரண்டாம் நாள் காலை, கடைவீதி வரை போய்வரலாம் என்று ரோசியைத் தூக்கிக்கொண்டு நிறுத்தத்துக்குப் போனேன். டவுன் பஸ் மாதிரியே ஒரு பஸ் வந்தது. கை காட்டினேன், நின்றது, ஏறினேன். உள்ளே எல்லோரும் பெண்கள். எல்லார் மடியிலும் சாப்பாட்டுப் பை. நடத்துநர் எங்கே என்று தேடினேன்.

"புதுசா? டெய்லரா, செக்கிங்கா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள். மதுரைப் பக்கத்துப் பேச்சு.

"கடைவீதி போணும்."

பஸ் முழுவதும் சிரிப்பு. "அடியே, வேலைக்கு வராம ஷாப்பிங்குக்கு வந்துருக்காடி!" என்று பின்னால் ஒருத்தி கத்தினாள். அது கம்பெனி பஸ். அதுவும் என் கணவரின் கம்பெனி பஸ். நடுவில் இறக்கிவிட ஓட்டுநருக்கு அனுமதி இல்லையாம். வழியெல்லாம் ரோசி ஒவ்வொரு மடியாக மாறிக்கொண்டே வந்தாள். ஒரு பெண் அவள் சட்டையைத் தொட்டுப் பார்த்து, "அட, நம்ம கேன்சல் பீஸு!" என்றாள். மற்றவர்கள் மறுபடி சிரித்தார்கள். எனக்குப் புரியவில்லை, புரியாத சிரிப்புக்கு நானும் சிரித்துவைத்தேன். அந்த இடத்தில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கம்பெனி வாசலில் நாங்கள் இறங்கியதும் செல்வினின் முகம் போன போக்கில் எல்லாம் மறந்துபோனது.

அன்று மாலை பிராயச்சித்தமாகத் தள்ளுவண்டியில் காளான் வாங்கித் தந்தார். சிவப்பாக, கொதிக்கக் கொதிக்க, மேலே வெங்காயமும் மல்லித்தழையும் தூவி. நான் தட்டின் அடிவரை துழாவினேன். எல்லாம் முட்டைக்கோஸ். "காளான் எங்க?" என்றேன். "பேருல இருக்கு" என்றார். ருசி என்னவோ நன்றாகத்தான் இருந்தது. ஏமாந்ததை இவ்வளவு ரசித்துச் சாப்பிட்டது அதுவே முதல் தடவை.

மூன்றாம் நாள் செல்வின் பாதி நாள் விடுப்பு எடுத்து, மங்கலத்துக் குளத்துக்குப் பைக்கில் கூட்டிப்போனார். ஊருக்குள் நுழையும்போதே விசைத்தறிச் சத்தம். வீடுகளே கைதட்டிக்கொண்டிருப்பது போல இருந்தது. குளக்கரையில் ஏறிய பிறகும் அந்தத் தட்டல் காற்றோடு வந்துகொண்டே இருந்தது. நான் நினைத்து வந்தது சாயக்குட்டை. கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர். நடுவில் மொட்டை மரங்கள், அவற்றில் கொத்துக் கொத்தாகக் கூழைக்கடாப் பறவைகள். எங்கள் பக்கம் குளம் என்றால் வருடத்தில் பாதி நாள் கிரிக்கெட் மைதானம்.

"நொய்யல் தண்ணியத் திருப்பி, ஆத்து வழி நெடுக இப்படிக் குளங்களா வெட்டி வெச்சிருக்காங்க. எல்லாம் ராஜா காலத்துல" என்றார் செல்வின்.

"எந்த ராஜா?"

"ஏதோ ஒரு நல்ல ராஜா."

தண்ணீர் உள்ளே வரும் வாய்க்கால் மூலையில் வெள்ளையாக நுரை சேர்ந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் ராஜாவை மறந்துவிட்டு ரோசியின் கையை இறுக்கினேன். அந்தக் குளத்தை நாங்கள் கால்வாசிகூடச் சுற்றவில்லை. பிடித்த கையை நான் விடவில்லை; கை வலிக்கிறது என்று அவள் அழுததால் திரும்பிவிட்டோம். பைக்கில் வரும்போது, குழந்தையைக் கொஞ்சம் நடக்க விட்டிருக்கலாமோ என்று தோன்றியது. எதைச் செய்தாலும் அதற்கு எதிரானதே சரி என்று அரை மணி நேரத்தில் தோன்றிவிடும் எனக்கு.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை, மண்ணரைப் பக்கத்தில் இருக்கும் சிறிய குளத்துக்குப் போனபோது கையை விடுவது என்று முடிவுசெய்துகொண்டேன். அதுவும் பழைய காலத்துக் குளம். கரையைச் சுற்றி நடைபாதை, வரிசையாகப் புங்க மரங்கள், தண்ணீர் ஓரம் முழங்கால் உயரத்துக்குத் தடுப்பு. வாசலில் எங்களை இறக்கிவிட்ட செல்வினுக்கு உடனே போன் வந்தது. ஏதோ பெட்டி கட்டுவதில் குழப்பம், ஷிப்மென்ட் போயாக வேண்டும். "ஒரு சுத்து மெதுவா நடந்துட்டு வா ஜெனி. முடிக்கறதுக்குள்ள வந்துருவேன்" என்று போய்விட்டார்.

ஞாயிறு என்பதால் ஊரே கரைமேல் இருந்தது. தமிழோடு இந்தி, இன்னும் எனக்குத் தெரியாத இரண்டு மூன்று மொழிகள். சிவப்புத் துப்பட்டா போட்ட ஒரு பெண் போனில் யாரிடமோ இந்தியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் பள்ளியில் படித்த இந்தி கொஞ்சம் உண்டு. "பணத்தைப் பற்றிப் பேசாதே, நீ எப்போது வருவாய் என்பதைச் சொல்" என்றாள் அவள். இதே வாக்கியத்தை நானும் செல்வினிடம் இரண்டு வருடமாகச் சொல்லியிருக்கிறேன்.

சோளக்கதிர் வண்டியருகே ரோசி நின்றாள். அங்கே ஒரே பிள்ளைகள் கூட்டம். அப்போது ஊரிலிருந்து மாமியார் போனில் அழைத்தார்.

"ஏட்டி, எங்க நிக்கிய?"

"குளத்துப் பக்கம் அத்தே."

"குளமா? பிள்ள எங்க?"

தலையை நிமிர்த்திப் பார்த்தேன். கொஞ்ச தூரம் முன்னால், தொப்பியைப் போட்டுக்கொண்டு மஞ்சள் சட்டை தத்தித் தத்திப் போய்க்கொண்டிருந்தது. முதுகில் திமிங்கிலம். "முன்னாலதான் போறா அத்தே. நல்லாத் தெரியுது" என்றேன்.

பேசிக்கொண்டே பின்னால் நடந்தேன். இந்த முறை அவசரப்படவில்லை. கையைப் பிடிக்கவில்லை. குழந்தை நின்றால் நானும் நின்றேன். அது ஒரு குச்சியை எடுத்து மரத்தைத் தட்டியது, தண்ணீரில் நீந்திய நாமக்கோழியைப் பார்த்துக் கைதட்டியது. இப்படி விட்டால்தானே பிள்ளை தைரியமாக வளரும் என்று எனக்கு நானே பாராட்டுச் சொல்லிக்கொண்டேன். அத்தை போனை வைத்ததும் பின்னாலிருந்து ஒரு படம் எடுத்தேன். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் மரங்கள், நடுவில் மஞ்சள் புள்ளியாக என் மகள். செல்வினுக்கு அனுப்பினேன்.

குழந்தை ஒரு கல்லில் தடுக்கிக் குப்புற விழுந்தது. ஓடிப்போய்த் தூக்கினேன். தொப்பி பின்னால் சரிந்தது.

தலை நிறைய முடி.

சுருட்டை சுருட்டையாக, எண்ணெய் வைத்த முடி. நெற்றியோரத்தில் கண்மைப் பொட்டு. ஒரு பையன். அவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். இரண்டு பேருமே ஒரே சமயத்தில் மூச்சை இழுத்தோம். "மா?" என்றான். உதடு பிதுங்கியது.

முதலில் தண்ணீரைத்தான் பார்த்தேன். எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. தண்ணீரில் ஒன்றும் இல்லை. கூழைக்கடா ஒன்று மெதுவாக மிதந்து போனது. ஒன்றும் இல்லாத தண்ணீர் அவ்வளவு பயங்கரமாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

பையனை இறக்கிவிட்டுவிட்டு ஓடத்தான் நினைத்தேன். பக்கத்தில் தண்ணீர், முழங்கால் உயரத் தடுப்பு. என் பிள்ளையை யாராவது அப்படி விட்டுவிட்டு ஓடினால்? அவனை இடுப்பில் போட்டுக்கொண்டு, வந்த வழியே சோளக்கதிர் வண்டியை நோக்கி ஓடினேன். அவன் அழுதான். ரோசியைவிடக் கனம்.

"மஞ்சள் சட்டை போட்ட பிள்ளையைப் பாத்தீங்களா? தொப்பி வெச்ச சட்டை, முதுகுல திமிங்கிலம்?"

"பாத்தனுங்களே, இப்பத்தான் ஊஞ்சல் பக்கம் போனாங்க" என்றார் ஒருவர். இன்னொருவர், "இல்லீங்க, ஐஸ் வண்டிகிட்ட" என்றார். இரண்டு பக்கமும் பார்த்தேன். ஊஞ்சலில் ஒரு மஞ்சள் சட்டை. ஐஸ் வண்டியருகே இரண்டு. அப்பாவின் தோளில் ஒன்று. பெஞ்சில் தூங்கியபடி ஒன்று. ஒவ்வொன்றின் முதுகிலும் நீலத் திமிங்கிலம். வெளிநாட்டுக்காரன் வேண்டாம் என்று தள்ளிய சட்டைகள். கம்பெனியில் எல்லாருக்கும் கொடுத்திருக்கிறார்கள். கேன்சல் பீஸ். பஸ்ஸில் அந்தப் பெண்கள் சிரித்தது இதற்குத்தான். அத்தனை சட்டைகளில் ஒன்றுகூட ரோசி இல்லை.

கதிர் சுடும் அக்காவிடம் கேட்டேன். அவர் விசிறியை நிறுத்தாமலே, "ஏனுங்க அம்மிணி, உங்க இடுப்புலயே இருக்குதுங்களே!" என்றார்.

"இது என் பிள்ளை இல்லை!"

விசிறி நின்றது. பக்கத்தில் வேர்க்க நடந்து வந்த தம்பதியும் நின்றார்கள். அந்த மனிதரின் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"அப்புறம் யாரு புள்ளைங்க?" என்றார்.

"தெரியாது."

"தெரியாத புள்ளைய எங்கிருந்து தூக்கிட்டு வாறீங்க? நீங்க எந்த ஊருங்க?"

கோபத்திலும் அந்த "ங்க" குறையவில்லை. அதுதான் என்னை இன்னும் உலுக்கியது. அவர் மனைவி போனை எடுத்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். படித்தவள், பிள்ளையைப் பறிகொடுத்து நிற்கிறவள், அந்தக் கரையில் அந்த நிமிடம் பிள்ளை பிடிக்கிறவள். பையனோ என்னைத் தள்ளித் தள்ளி அழுகிறான்.

"பாத்துக்கிட்டு நிக்கறீங்களே, என் மகளுக்கு மொட்டை! மொட்டைத் தலை! அவளத் தேடுங்க, அப்புறம் என்னைப் பிடிங்க!" என்று கத்தினேன். வாங்க போங்க எல்லாம் என் தொண்டையில் தங்காமல் திசையன்விளைச் சத்தமே வந்தது.

கதிர்க்கார அக்கா சட்டென்று, "இருங்க இருங்க. செவப்புத் துப்பட்டா போட்ட பொண்ணு ஒண்ணு, மஞ்சச் சட்டைப் புள்ளைக்குக் கதிர் வாங்கிக் கையில குடுத்துக் கூட்டிட்டு அந்தப் பக்கம் போச்சுங்க" என்றார்.

அவர் காட்டிய பக்கம் ஓடினேன். அந்தத் தம்பதியும் என் பின்னாலேயே வந்தார்கள். உதவிக்கா, நான் தப்பிவிடாமல் இருக்கவா என்று இன்றுவரை தெரியவில்லை. மதகுவரை ஓடியும் சிவப்புத் துப்பட்டா இல்லை. மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தேன். தண்ணீருக்கு அந்தப் பக்கம், இப்போது சோளக்கதிர் வண்டியருகே, சிவப்பு. அதன் இடுப்பில் மஞ்சள். நான் துரத்திக்கொண்டிருந்தவள் குளத்தை ஒரு சுற்று முடித்து, நான் விட்டுவந்த இடத்துக்குப் போய்விட்டாள். அவளும் யாரையோ துரத்திக்கொண்டிருந்தாள்.

நான் வந்த வழியில் திரும்பாமல் முன்னோக்கியே ஓட ஆரம்பித்தேன். என்னைப் பார்த்ததும் அவளும் ஓடினாள், நான் சற்றுமுன் வந்த வழியிலேயே. நான் திரும்பினால் அவளும் திரும்பினாள். குளம் நடுவில் அப்படியே இருந்தது.

"அம்மிணி! நில்லுங்க! நீங்க நில்லுங்க, நான் கூட்டியாறேன்!" கதிர்க்கார அக்கா துண்டை வீசிக் கத்தினார். தண்ணீர் மேல் அந்தக் குரல் தெளிவாக வந்தது.

நிற்பதா? எனக்கு நிற்கத் தெரியாது. ரோசி பிறந்த நாளிலிருந்து நான் நின்றதில்லை. ஆனால் ஓடினால் அவள் எந்தப் பக்கம் வருவாள் என்று எனக்கும் தெரியாது, நான் எந்தப் பக்கம் வருவேன் என்று அவளுக்கும் தெரியாது. மதகுத் திண்டில் முதுகைச் சாய்த்து நின்றேன். பையனைத் தூக்கி, அவன் முகம் அந்தப் பக்கம் தெரியும்படி பிடித்தேன். அவள் பார்க்க வேண்டும். அழுது ஓய்ந்த அவன் என் தோளில் மூக்கைத் துடைத்தான். நான் என் முந்தானையால் மீதியைத் துடைத்தேன். அவன் கழுத்தில், சட்டையின் உள்பட்டை உரசிய இடத்தில், ரோசிக்கு இருந்த அதே சிவப்புத் தடிப்பு.

கையில் போன் அதிர்ந்தது. செல்வின். அனுப்பிய படத்துக்குப் பதில். "நடை அப்படியே உன் நடைதான்."

அவள் வந்தாள். துப்பட்டா ஒரு தோளிலிருந்து தரைவரை இழுபட, ஒரு காலில் செருப்பில்லாமல். இடுப்பில் ரோசி, வாயில் சோளக்கதிர். அருகில் வந்ததும் பிள்ளைகளைக் கைமாற்றினோம். அவள் பையனின் தலைமுடிக்குள் விரல்களை விட்டு அளைந்தாள். நான் ரோசியின் மொட்டைத் தலையை உள்ளங்கையால் பொத்தினேன். லேசாக முள்முள்ளாக, வெதுவெதுப்பாக இருந்தது.

"அம்மா, இந்த ஆன்ட்டி கதிர் வாங்கித் தந்தாவ" என்றாள் ரோசி. பயந்த சுவடே இல்லை.

அந்தப் பெண் இந்தியில் கொட்டித் தீர்த்தாள். எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். "கதிரைக் கொடுத்துக் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வேர்க்கிறதே என்று தொப்பியைத் தள்ளினேன். மொட்டை! ரெண்டு நிமிஷம் போன் பேசுவதற்குள் என் பிள்ளைக்கு எவன் மொட்டை போட்டான் என்று நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தேன்." சொல்லி முடித்து ஒரு நொடி என்னைப் பார்த்தாள். இருவருக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் அழுகையானது. பின்னால் நின்ற மனிதர், "மன்னிச்சுக்கோங்க" என்று என்னிடமும், அது புரியாத அவளிடமும் சொன்னார். அவர் மனைவி போனைப் பைக்குள் வைத்தார்.

அவள் பெயர் சுனிதா. தையல் பிரிவில் வேலை. அதே கம்பெனி. கதிர்க்கார அக்கா அவளுடைய இன்னொரு செருப்பைத் தேடி எடுத்துவந்து, "இனி ஒருத்தருக்காச்சும் வேற சட்டை போடுங்க சாமி" என்றார். சுனிதா அங்கேயே பையனின் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டாள். நானும் ரோசியின் சட்டையைக் கழற்றினேன். மிச்சமிருந்த கரையை நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து மெதுவாக நடந்து முடித்தோம். மஞ்சள் நிறைந்த அந்தக் கரையில், உள்பனியனோடு இரண்டு பிள்ளைகள் மட்டும்.

செல்வின் வாசலில் பைக்கோடு காத்திருந்தார். "குளம் எப்படி?" என்றார். நான் பதில் சொல்லும் முன் போனை நீட்டினார். "ஊர்ல அம்மாவுக்கும் அனுப்பிட்டேன். எவ்வளவு அழகா எடுத்துருக்க! என் பொண்ணு தனியா, தைரியமா."

என் தோளில் ரோசி தூங்கிப்போயிருந்தாள்.

"அது ரோசி இல்லைங்க" என்றேன்.

அவர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். படத்தை விரல்களால் பெரிதாக்கினார், இன்னும் பெரிதாக்கினார், திமிங்கிலம் திரை முழுவதும் நிறைந்தது. போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, கையை நீட்டி, தூங்குகிறவளின் மொட்டைத் தலையை மெல்லத் தொட்டுப் பார்த்தார். எடுத்துவிட்டு மறுபடியும் தொட்டார்.